அவளுக்கென ஒரு மிதிவண்டி

மாலை மணி அடித்ததும் மிதிவண்டியில் மைதானத்தை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வீடு திரும்புவது எங்களில் பலருக்கு வழக்கம். அந்நேரம் எங்கள் புத்தகப் பைகளைக் காத்து நிற்பாள், தொடக்கப் பிரிவில் பயிலும் ஆறு வயதுச் சிறுமி ஒருத்தி. பெருமூளை வாதத்தால் அவளுடைய இடக்கையும் இடக்காலும் விறைப்பாக இருக்கும். "அக்கா, நான் எப்போ ஓட்டுறது?" என்று ஒருநாள் கேட்டாள். பதில் சொல்லத் தெரியாது நின்ற எங்கள் சமூக சேவைக் குழுவினர், விடை தேடிப் புறப்பட்டோம்.

முதலில் அவளுக்குப் பயிற்சியளிக்கும் இயன்முறை மருத்துவரைக் கண்டோம். "அவளால் இயலாதது எல்லோருக்கும் தெரியும், இயல்வதை எழுதி வாருங்கள்" என்றார். வலக்கையில் நல்ல பிடி, வலக்காலில் வலு, கூர்மையான பார்வை என எழுதினோம். இம்மூன்றையும் நம்பியே வண்டியை அமைக்கலானோம்.

பக்கவாட்டில் பூட்டும் துணைச் சக்கரங்கள் திருப்பத்தில் உடல் சாயும்போது போதிய தாங்கல் தரா. ஆகவே பின்னால் இரு சக்கரங்கள் அகன்று நிற்கும் மூன்று சக்கர வண்டியைத் தேர்ந்தோம். "அது பாப்பா வண்டி!" என்று முகம் சுளித்தாள். நடக்க இயலாத ஸ்டெஃபான் ஃபார்ஃப்ளர் என்ற ஜெர்மானியக் கடிகாரத் தொழிலாளி, 1655-ஆம் ஆண்டிலேயே கையால் சுழற்றும் மூன்று சக்கர வண்டியைத் தமக்கெனச் செய்துகொண்டதைச் சொன்னோம். பெரியவர் ஓட்டியது என்றதும் சம்மதித்தாள்.

இருக்கைக்கு முதுகுச் சாய்வும், இடுப்பைத் தாங்கும் அகலமான பட்டையும் பொருத்தினோம். இடுப்பு நிலையாக இருந்தால்தான் கால்கள் தாராளமாக இயங்கும். இடப்பெடலின்மேல் குதிகால் தடுப்புள்ள பலகையை வைத்து, பாதம் நழுவாதபடி ஒட்டுப்பட்டை இட்டோம். கயிற்று முடிச்சுக் கூடாது. ஆபத்தில் நொடியில் பிரிய வேண்டும்.

அடுத்தது பெடல். வலக்கால் மட்டும் மிதித்தால் அரைச் சுற்றுக்குத்தான் விசை கிடைக்கும். மறு அரைச் சுற்றில் பெடல் நின்றுவிடும். எனவே சைக்கிள் கடைக்காரர் ஃப்ரீவீலை நீக்கி, சக்கரத்தோடு சேர்ந்தே பெடலும் சுழலும்படி பல்சக்கரத்தைப் பூட்டினார். இப்போது ஓடும் வண்டியின் வேகமே பெடலை மேலே கொண்டுவருகிறது. இடக்காலும் உடன் சுழல்கிறது. ஆனால் சரிவில் பெடல் தானே விரைந்து சுழலும். ஆதலால் சமதரையில் மட்டுமே ஓட்ட வேண்டும். பெரியவர் பிடித்துக்கொள்ளப் பின்புறம் ஒரு கைப்பிடியும் வைத்தோம்.

ஹேண்டில்பாரை உயர்த்தி அவள் பக்கம் வளைத்தோம். இடக்கைப் பிடியில் துணி சுற்றிப் பருமனாக்கினோம். பிரேக்கும் மணியும் வலப்புறமே. செயினுக்கு மூடியும், தலைக்குக் கவசமும் மறக்கவில்லை.

இந்த அளவுகள் இவளுக்கு மட்டுமே உரியவை. மற்றொரு குழந்தைக்கு மருத்துவரின் ஆலோசனையோடு புதிதாகவே அளக்க வேண்டும். வண்டிக்கேற்பக் குழந்தையை வளைக்க முடியாது. குழந்தைக்கேற்ப வண்டியை வளைக்கலாம்.

முதல் நாள் பத்தடி ஓட்டினாள். இரண்டு மாதத்தில் மைதானத்தை முழுதும் சுற்றினாள். இப்போது பைகளை நாங்களே முறை வைத்துக் காக்கிறோம்.