பெட்ரோல் பம்ப்பை மாற்றும் முன் ஃபியூஸைப் பாருங்கள்!

மாருதி ஆம்னி தயாரிப்பு 2019-லேயே நின்றுவிட்டது. ஆனாலும், பல குடும்பங்களுக்கு இன்றும் அதுதான் வண்டி. இதன் எம்.பி.எஃப்.ஐ மாடல்களில் பெட்ரோலை இன்ஜினுக்கு அனுப்புவது டேங்குக்குள் இருக்கும் எலெக்ட்ரிக் பம்ப்.

செல்ஃப் சுற்றியும் ஸ்டார்ட் ஆகவில்லையா? சாவியை ஆன் செய்ததும் டேங்க் பக்கம் சில விநாடிகள் ‘உய்ங்’ சத்தம் கேட்க வேண்டும். கேட்காவிட்டால் முதலில் ஃபியூஸ், அடுத்து ரிலேவைப் பாருங்கள்.

அவை சரியாக இருந்தால், அந்தச் சில விநாடிகளில் பம்ப் கனெக்டரில் மல்ட்டிமீட்டர் வைத்துப் பார்க்க வேண்டும். சுமார் 12 வோல்ட் வந்து, எர்த்தும் சரியாக இருந்தால் மட்டுமே பம்ப்பைச் சந்தேகிக்கலாம். வோல்ட் வராவிட்டால் கோளாறு ஒயரிங்கில்தான். புது பம்ப் போட்டாலும் பணம்தான் வீண்.

பெட்ரோல் ஆவிக்கு ஒரு சின்னப் பொறியே போதும். எனவே, டேங்க்கைத் திறக்கும் வேலையை மெக்கானிக்கிடமே விட்டுவிடுங்கள்.