சொல்லிச் செய்விக்கும் கைக்கடிகாரமும் இஸ்திஸ்னா ஒப்பந்தமும்

பெரம்பலூர், அரியலூர் வட்டாரத்து இல்லங்கள் சிலவற்றில், தந்தையரின் நினைவாக எச்.எம்.டி. கைக்கடிகாரம் இன்றும் பேணப்படக் காண்கிறோம். 1961இல் ஜப்பானியச் சிட்டிசன் நிறுவனத்தின் துணையோடு பெங்களூரில் தொடங்கிய அக்கடிகாரத் தொழிலை மூடிவிட 2016இல் நடுவண் அரசு முடிவெடுத்தது. சாவி கொடுத்தால் சுருள்வில்லின் விசையில் இயங்கும் கடிகாரத்தின் மீதான பற்றோ மறையவில்லை. 2013இல் தோன்றிய ஜெய்ப்பூர் வாட்ச் கம்பெனி போன்ற சிறு நிறுவனங்கள், வாடிக்கையாளரின் விருப்பத்திற்கேற்பக் கடிகாரம் செய்து தருகின்றன.

இங்கே ஒரு வினா எழுகிறது. இன்னும் உருவாகாத பொருளுக்கு இன்றே விலை பேசலாமா? தம்மிடம் இல்லாததை விற்பதை நபி (ஸல்) அவர்கள் தடுத்துள்ளார்கள் அல்லவா?

அரசர்களுக்கு மடல் அனுப்ப முற்பட்டபோது அண்ணலார் (ஸல்) அவர்களே முத்திரை பொறித்த வெள்ளி மோதிரம் ஒன்றைச் செய்வித்தார்கள். இச்செய்தியையும் மக்களின் இடையறாத வழக்கத்தையும் சான்றாகக் கொண்டு, செய்வித்து வாங்கும் ‘இஸ்திஸ்னா’வை ஹனஃபி அறிஞர்கள் ஏற்றனர். பொருளைக் கண்டபின் மறுக்கும் உரிமை வாங்குபவருக்கு உண்டு என்பது இமாம் அபூ ஹனீஃபா (ரஹ்) அவர்களின் கருத்து. சொன்னபடி அமைந்திருந்தால் மறுக்க இயலாது என்றார்கள் இமாம் அபூ யூசுஃப் (ரஹ்). 1876இல் நிறைவுற்ற உதுமானியச் சட்டத் தொகுப்பான ‘மஜல்லா’ இக்கருத்தையே தழுவியது. ஷாஃபிஈ மத்ஹபினரோ இதனை ‘ஸலம்’ ஒப்பந்தமாகவே கருதுவர். அதில் முழு விலையும் ஒப்பந்த அமர்விலேயே தரப்பட வேண்டும்.

1797இல் பாரிஸ் நகரக் கடிகாரக் கலைஞர் பிரெகே, விலையில் கால் பங்கை முன்பணமாகவும் எஞ்சியதைக் கடிகாரம் கைக்கு வரும்போதும் பெறும் முறையைக் கையாண்டார். இது ஸலமுக்குள் அடங்காது, இஸ்திஸ்னாவுக்குள் அடங்கும். 1992இல் ஜித்தாவில் கூடிய பன்னாட்டு இஸ்லாமிய ஃபிக்ஹு மன்றமும், விலையைப் பிற்படுத்தவோ தவணைகளாகத் தரவோ இடமுண்டு எனத் தீர்மானித்தது. பொருளின் இனம், வகை, அளவு, தன்மை, ஒப்படைக்கும் காலம் ஆகியவை தெளிவாக வரையறுக்கப்பட்டால் ஒப்பந்தம் இருவரையும் கட்டுப்படுத்தும் என்றும் அது கூறியது.

இவ்வரையறையைக் கடிகாரத்திற்குப் பொருத்திப் பார்ப்போம். கூட்டின் உலோகம், விட்டம், முகப்பின் நிறம், எண்களின் வடிவம், நாளொன்றுக்கு எத்தனை வினாடி முந்தலாம் அல்லது பிந்தலாம் என்பன எழுத்தில் அமைய வேண்டும். சிறு கலைஞர் பலர் உள்ளியந்திரத்தைச் சுவிட்சர்லாந்திலிருந்தோ ஜப்பானிலிருந்தோ வருவித்துப் பொருத்துவர். அது குறையன்று, ஆனால் மறைக்கலாகாது. ஆடவருக்குப் பொன் விலக்கப்பட்டிருப்பதால் எஃகுக் கூடே ஏற்றது. கெடு தவறினால் ஈடு தர வேண்டும் என நிபந்தனையிடவும், தவிர்க்கவியலா இடர் நேர்ந்தாலன்றி, அம்மன்றம் இசைவளிக்கிறது.

கைவினைஞர் ஒருவர் பல மாதம் உழைத்தபின் ‘மனம் மாறிவிட்டது’ என்று நாம் விலகினால் அவர் உழைப்பு வீணாகும். முன்பணம் பெற்ற அவர் காலம் கடத்தினால் நம் சேமிப்பு முடங்கும். இவ்விரு அநீதிகளையும் தடுப்பதற்கே ஃபிக்ஹு இத்தனை நுணுக்கம் பேசுகிறது. தொழுகை நேரத்தை நினைவூட்டப்போகும் கடிகாரம், வாக்குத் தவறாத ஒப்பந்தத்தில் பிறப்பதே அழகு.