காற்றின் நுண்துகள்களும் நீரிழிவு இடரும்

நீரிழிவின் காரணங்களாக மரபு, உணவு, உடலுழைப்பின்மை ஆகியவற்றையே பெரிதும் பேசிவருகிறோம். சுவாசிக்கும் காற்றையும் இவ்வரிசையில் சேர்க்க வேண்டும் என்பதற்குச் சென்னை, தில்லி நகரங்களில் 2010 முதல் 2017 வரை பன்னிரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோரைப் பின்தொடர்ந்த ஆய்வு சான்றளிக்கிறது. 2023இல் வெளியான அதன் முடிவின்படி, 2.5 மைக்ரோமீட்டரும் அதற்குக் குறைந்த விட்டமும் உடைய நுண்துகள்களின் ஆண்டுச் சராசரி கனமீட்டருக்கு 10 மைக்ரோகிராம் கூடுதலாக இருக்கும்போது, புதிதாக நீரிழிவு தோன்றும் இடர் 22 விழுக்காடு மிகுகிறது.

இத்துகள்கள் நுரையீரலின் காற்று நுண்ணறைகள் வரை சென்று படிகின்றன. அங்கு எழும் அழற்சி அவ்விடத்தோடு நிற்பதில்லை. அழற்சிப் புரதங்கள் குருதி வழியே பரவி, கல்லீரலிலும் கொழுப்புத் திசுவிலும் இன்சுலினின் செயலை மந்தப்படுத்துகின்றன. கொழுப்பு மிகுந்த உணவு அளிக்கப்பட்ட எலிகள் இத்துகள் கலந்த காற்றைச் சுவாசித்தபோது இன்சுலின் எதிர்ப்பு மிகுந்ததை 2009ஆம் ஆண்டு ஆய்வொன்று காட்டியது. மக்களிடையே நிகழும் ஆய்வுகள் தொடர்பை மட்டுமே காட்டும், காரணத்தை நிறுவா என்னும் மறுப்புக்கு இது ஓரளவு விடையாகும்.

சிக்கல் வரம்பில் உள்ளது. இந்தியா 2009இல் வகுத்த ஆண்டு வரம்பு 40 மைக்ரோகிராம். உலக சுகாதார நிறுவனம் 2021இல் பரிந்துரைத்தது 5. அமெரிக்க முன்னாள் படைவீரர் ஏறத்தாழ 17 இலட்சம் பேரைக் கொண்டு 2018இல் வெளியான ஆய்விலோ, இடர் 2.4 மைக்ரோகிராமைக் கடந்ததுமே ஏறத் தொடங்கியது. 10ஐத் தாண்டியபின் ஏற்றம் சற்றுத் தணிந்தது. எனவே 'வரம்புக்குள் உள்ளது' என்னும் அறிவிப்பை, நீரிழிவைப் பொறுத்தவரை, பாதுகாப்புச் சான்றாகக் கொள்ள இயலாது. தில்லியினும் சென்னைக் காற்று தூயது என்பது உண்மையே. ஆனால் அவ்வொப்பீடு இடரின் அளவைச் சொல்வதில்லை.