பக்கத்திலேயே ஒரு பாலைவனம்!

பனிக்காலத்தில் குடும்பத்தோடு போய்வர ஒரு இரண்டு நாள் பிரயாணம்

"பாலைவனம் பார்க்கவேண்டும்!" என்று உங்கள் வீட்டுப் பிள்ளை அடம் பிடித்தால் என்ன பதில் சொல்வீர்கள்? "அதற்கு ராஜஸ்தானுக்கல்லவா போகவேண்டும்! நாள் கணக்கில் ரயில் பிரயாணம், ஆறு பேருக்கு டிக்கெட், அப்பாவுக்கு லீவு வேறு கிடைக்கவேண்டும்..." என்று கணக்குப் போட்டுவிட்டு, "பெரியவனானதும் நீயே போய்ப் பார்த்துக்கொள்" என்று முடித்துவிடுவீர்கள். இல்லையா?

அவ்வளவு தூரம் போகவேண்டாம், அம்மா! ராஜபாளையத்தையும் ஸ்ரீவில்லிபுத்தூரையும் அடுத்த வன்னியம்பட்டியிலிருந்து விடியற்காலையில் காரை எடுத்தால், பொழுது சாய்வதற்குள் உங்கள் குழந்தைகள் செக்கச் செவேலென்ற மணல்மேட்டில் உருண்டு புரளலாம். மறுநாள் இரவு அவரவர் படுக்கைக்கே திரும்பிவிடலாம். வழியில் பறவைகள் சரணாலயம் ஒன்று. வெளிமான் சரணாலயம் ஒன்று. சனி, ஞாயிறு இரண்டு நாள் போதும்.

எப்போது போகலாம் என்று கேட்கிறீர்களா? பொங்கல் கழிந்த பிறகு, தைக் கடைசியிலிருந்து மாசி முடிய. பாலைத் திணைக்கு உரிய காலம் வேனில் என்று சொன்ன தொல்காப்பியம், பின்பனியும் அதற்கு உரியதே என்று சேர்த்துச் சொல்லியிருக்கிறது. தொல்காப்பியரே நாள் பார்த்துக் கொடுத்த பிறகு யோசனை எதற்கு?

மலை செய்த மாயம்

புறப்படுவதற்கு முன் குழந்தைகளை வாசலில் நிறுத்தி மேற்கே பார்க்கச் சொல்லுங்கள். நீல நிறத்தில் நீண்டு கிடக்கிறதே, அந்த மேற்குத் தொடர்ச்சி மலையிலிருந்துதான் நம் கதை ஆரம்பமாகிறது. அங்கே நரை அணில்களுக்காக 1988ல் ஒரு சரணாலயம் ஏற்பட்டது. 2021ல் அது மேகமலையோடு சேர்ந்து புலிகள் காப்பகமாயிற்று. மரத்துக்கு மரம் தாவும் அந்தப் பெரிய அணிலுக்குக் கிளைகள் ஒன்றோடொன்று தொட்டுக்கொண்டிருக்கும் அடர்ந்த காடு வேண்டும்.

ஆனால் மலையில் அத்தனை பசுமை இருக்க, கீழே நம் சீமை ஏன் இவ்வளவு வறட்சி? ஆனி, ஆடியில் அரபிக் கடலிலிருந்து வரும் மேகங்கள் மலையின் மேற்குப் பக்கத்திலேயே தங்கள் மூட்டையை அவிழ்த்துவிடுகின்றன. மழை கேரளத்துக்குப் போகிறது. நமக்கு வருவது வெறும் காற்று! அதுவும் செங்கோட்டை, ஆரல்வாய்மொழிக் கணவாய்களின் வழியே பிய்த்துக்கொண்டு வருகிறது. அந்தக் காற்றை நம்பித்தான் முப்பந்தலிலும் கயத்தாற்றிலும் காற்றாலைகள் நிற்கின்றன. அதே காற்றுத்தான் நாம் பார்க்கப் போகும் பாலைவனத்தையும் குவித்து வைத்தது. நமக்கு மழை கிடைப்பது ஐப்பசி, கார்த்திகையில் வீசும் வடகிழக்குப் பருவக் காற்றால். அந்த மழை ஓய்ந்து, குளங்களில் தண்ணீர் நிற்கும் பனிக்காலமே இந்தப் பக்கம் சுற்றிப் பார்க்கத் தகுந்த காலம்.

சாப்பாட்டுக் கூடை

மிளகாய்ப்பொடி தடவிய இட்லியும் புளியோதரையும் கட்டிக்கொள்ளுங்கள். ஆளுக்கு மூன்று லிட்டர் தண்ணீர் அவசியம். பனிக்காலந்தானே என்று அசட்டையாக இருந்துவிடாதீர்கள். விடியற்காலையில் குளிர்ந்தாலும் நடுப்பகல் வெயில் தன் குணத்தைக் காட்டாமல் விடாது. பெரியவர்களுக்குத் துண்டு, குழந்தைகளுக்குத் தொப்பி, எல்லோருக்கும் காலில் செருப்பு. இனிப்புக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா இருக்கவே இருக்கிறது. 2019ல் புவிசார் குறியீடு பெற்ற பண்டம்! ஆனால் கூடையின் அடியில் வையுங்கள். மேலே வைத்தால் சங்கரன்கோவில் வருவதற்குள் காணாமல் போய்விடும்.

ஊரே தாய்வீடு

ராஜபாளையம், சங்கரன்கோவில் வழியாகத் திருநெல்வேலி போய், அங்கிருந்து மூலைக்கரைப்பட்டிப் பக்கம் திரும்பினால் கூந்தன்குளம். 1994ல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட ஊர். ஊருக்குள் நுழையும்போதே டிரைவரிடம் "ஹாரன் அடிக்காதீர்கள்" என்று சொல்லிவிடுங்கள். தீபாவளிக்குக் கூட வெடி வெடிக்காத கிராமம் இது! பறவைகள் பயந்துவிடுமாம்.

குளத்தில் மட்டுமா பறவை? வீட்டுக் கொல்லையில், தெரு மரத்தில், எங்கே பார்த்தாலும் கூடு. மஞ்சள் மூக்கு நாரை, கரண்டிவாயன், கூழைக்கடா என்று குழந்தைகளுக்குப் பெயர் சொல்லிக் காட்டுங்கள். தண்ணீரில் ஒற்றைக்காலில் நிற்கும் பூநாரையைத் தவறவிடாதீர்கள். தலையில் இரண்டு கறுப்புக் கோடு போட்ட வாத்து கண்ணில் பட்டால் கும்பிடு போடலாம். அந்த வரித்தலை வாத்து மங்கோலியா, திபெத்துப் பக்கத்திலிருந்து இமயமலையையே தாண்டி வந்த விருந்தாளி.

மரத்தின் கீழெல்லாம் எச்சம், நாற்றம். நம்முடைய வீட்டு வாசலில் ஒரு காக்கை எச்சமிட்டால் என்ன பாடு படுத்துகிறோம்! இந்த ஊர்ப் பெண்கள் அலுத்துக்கொள்வதில்லை. பறவை எச்சம் கலந்த குளத்துத் தண்ணீர் வயலுக்குப் பாயும்போது அதுவே உரமாகிவிடுகிறது. கூட்டிலிருந்து தவறி விழுந்த குஞ்சுகளை எடுத்து மீன் ஊட்டி வளர்த்த பால்பாண்டி என்பவர் இந்த ஊர்க்காரர். இன்று அவர் இல்லை; 'பறவை மனிதர்' என்ற பெயர் நிலைத்துவிட்டது.

செம்மண் கடல்

பகல் சாப்பாட்டை முடித்துக்கொண்டு சாத்தான்குளம் வழியாகக் கிழக்கே போங்கள். பூமியின் நிறம் மாறிக்கொண்டே வரும். கறுப்பு போய்ப் பழுப்பு. பழுப்பு போய்ச் சிவப்பு. பிறகு ஒரு திருப்பத்தில், குங்குமத்தை மூட்டை மூட்டையாகக் கொட்டிப் பரப்பியதுபோல் ஒரு சமுத்திரம்! இதுதான் தேரி. திருச்செந்தூர், உடன்குடி, சாத்தான்குளம் பக்கத்துக்காரர்களுக்கு இது தேரிக்காடு. குதிரைமொழித் தேரி இவற்றில் பேர்போனது.

மணல் ஏன் சிவப்பு? ஒவ்வொரு மணலுக்கும் மேலே இரும்புத் துரு மெல்லிய பூச்சாகப் படிந்திருக்கிறது. தோசைக்கல்லை இரண்டு நாள் ஈரத்தில் போட்டால் என்ன ஆகும்? அதே சங்கதிதான்! அதைக் குவித்து மேடாக்கியது, காலையில் வாசலில் நின்றபோது சொன்னோமே, அந்த மலைக்காற்று. ஆடி மாதத்தில் இங்கே நேற்று நடந்த காலடியை இன்று தேடினால் கிடைக்காது. பனிக்காலத்தில் காற்று அடங்கியிருப்பதால் அந்தத் தொல்லை இல்லை.

"ஒன்றுமே இல்லாத இடமாயிருக்கிறதே!" என்று யாராவது சொல்வார்கள். சொல்லட்டும். பிறகு மூன்று விஷயங்களைக் காட்டுங்கள்.

முதலாவது, தண்ணீர். இவ்வளவு மழை பெய்தும் தேரியின் மேல் ஒரு வாய்க்கால் ஓடிய தடம் கிடையாது. விழுகிற மழையையெல்லாம் மணல் உறிஞ்சி, அடியில் பத்திரப்படுத்தி வைக்கிறது. மேலப்புதுக்குடியில் அருஞ்சுனை காத்த அய்யனார் கோயிலுக்குப் போய்ப் பாருங்கள். சுற்றிலும் செம்மணல், நடுவிலே சுனையும் பச்சைப் பசேலென்ற சோலையும்! தேரிக் குடியிருப்பில் கற்குவேல் அய்யனார் இருக்கிறார். கார்த்திகைக் கடைசியில் நடக்கும் கள்ளர் வெட்டுத் திருவிழாவுக்கு எங்கெங்கிருந்தோ ஜனங்கள் வந்து கூடுகிறார்கள்.

இரண்டாவது, பனை. இந்த மணலில் ஆணவமாக நிமிர்ந்து நிற்பது அதுதான். தை, மாசியில் போனால் தோண்டியெடுத்த பனங்கிழங்கு கட்டுக்கட்டாகக் கிடைக்கும். பதநீர் இறக்கும் பருவமும் தொடங்கியிருக்கும். மரம் ஏறுகிறவர் ஆண். அதை வெல்லமாக்குகிறவள் பெண். சுண்ணாம்பு தடவிய கலயத்தில் வந்த பதநீரை அன்றைக்கே காய்ச்சியாக வேண்டும். நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்றால் புளித்துப் போகும். ஓலைப் புகையில் கண் எரிய எரியக் கிண்டி, பாகு பதம் வந்ததும் சிரட்டையில் ஊற்றுகிறாள். பதம் ஒரு நிமிஷம் தப்பினாலும் அன்றைய உழைப்பு வீண். உடன்குடிக் கருப்பட்டியின் பெயர் நாடெங்கும் பரவியதற்கு அந்த அடுப்படிதான் காரணம். பனையை வெட்டக் கலெக்டரின் அனுமதி வேண்டும் என்று 2021ல் தமிழ்நாடு அரசு அறிவித்தது. கருப்பட்டி வாங்கும்போது பேரத்தைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள், சகோதரிகளே!

மூன்றாவது, காலம். இந்தத் தேரி மணலில் மிகச் சிறிய கற்கருவிகள் கிடைத்திருக்கின்றன. ஆராய்ச்சியாளர்கள் ஸாய்னரும் ஆல்சினும் 1956ல் இவற்றைப் பற்றி எழுதினார்கள். உலோகம் அறியாத மனிதர்கள் நகத்தளவு கல்லைக் கூராக்கி வேட்டையாடி, இங்கேதான் குடும்பம் நடத்தியிருக்கிறார்கள். ஒன்றுமே இல்லாத இடத்தில் யாராவது குடித்தனம் வைப்பார்களா?

சில எச்சரிக்கைகள்: மாலை நான்கு மணிக்கு மேல் மணலில் இறங்குங்கள். காரைத் தார் ரோட்டை விட்டு இறக்காதீர்கள். டயர் புதைந்தால் தள்ள ஆள் கிடைக்காது. ஒரு பனையை அடையாளம் வைத்துக்கொண்டு நடங்கள், ஏனெனில் மேடுகள் எல்லாம் ஒன்று போலிருக்கும். காட்டிலாகாவுக்குச் சேர்ந்த பகுதியானால் முன்கூட்டியே அனுமதி கேளுங்கள். இருட்டுவதற்குள் திருச்செந்தூர் போய்ச் சேர்ந்துவிட்டால் முருகன் தரிசனம், கடற்காற்று, நல்ல தூக்கம்.

துள்ளி ஓடும் கறுப்பு மின்னல்

மறுநாள் தாமிரபரணிக் கரையோரம் ஆழ்வார்திருநகரி வழியாகத் திரும்புங்கள். திருநெல்வேலியிலிருந்து தூத்துக்குடி போகும் சாலையில் சுமார் 18 கிலோமீட்டரில் வல்லநாடு. அங்கே ஒரு கரடும், சுற்றிலும் முள்ளுப் புதரும், குடை பிடித்தாற்போல் நிற்கும் உடைமரங்களும். 16 சதுர கிலோமீட்டருக்குக் கொஞ்சம் அதிகம், அவ்வளவுதான். 1987ல் இதை வெளிமான் சரணாலயமாக்கினார்கள். காட்டிலாகா அனுமதியோடு உள்ளே போய், சத்தம் போடாமல் காத்திருங்கள்.

புதருக்கப்பால் ஒரு கூட்டம் தலை தூக்கும். முறுக்கிய கொம்பும் கறுத்த முதுகும் வெள்ளை வயிறுமாக நிற்பது ஆண். கொம்பில்லாமல் மாநிறமாக இருப்பவை பெண்கள். ஒன்று துள்ளினால் போதும், கூட்டம் முழுவதும் பறக்கும்! இந்தியாவில் வெளிமான்கள் இயற்கையாக வாழும் இடங்களில் தென்கோடி இதுதான்.

நரை அணிலுக்கு அடர்ந்த காடு வேண்டும் என்று பார்த்தோம். இந்த மானுக்கு அதுவே எமன். ஓடுவதற்கு வெட்டவெளி வேண்டும்; தூரத்தில் வரும் எதிரி கண்ணில் படவேண்டும். 'வெளிமான்' என்று நம் முன்னோர் சும்மாவா பெயர் வைத்தார்கள்?

தரிசு என்று எழுதிய கை

இங்கேதான் ஒரு வருத்தமான சேதியைச் சொல்லவேண்டியிருக்கிறது. வெட்டவெளியையும் முள்ளுக்காட்டையும் மணல்மேட்டையும் 'தரிசு', 'புறம்போக்கு' என்று ஏட்டில் எழுதி வைத்தோம். தரிசுதானே என்று மண்ணை அள்ளினோம், கட்டடம் எழுப்பினோம், குப்பையைக் கொட்டினோம். நல்லெண்ணத்தோடு மரம் நட்டுக் காடாக்கியதும் உண்டு. இதில் யாருடைய வீடு போயிற்று என்று கேட்கவில்லை.

கானமயில் என்று ஒரு பறவை. ஒரு மீட்டர் உயரம். புல்வெளியில் ராஜநடை நடக்கும். தமிழ்நாட்டின் வறண்ட சமவெளிகளிலும் ஒரு காலத்தில் இருந்தது. இன்று இங்கே ஒன்றுகூட இல்லை. இந்தியாவிலேயே ஏறக்குறைய நூற்றைம்பதுக்கு மேல் மிஞ்சவில்லை. மிஞ்சியவற்றில் பெரும்பாலானவை ராஜஸ்தானத்தில், ஜெய்சல்மேர்ப் பக்கத்திலே இருக்கின்றன. அவற்றுக்காக 1980ல் ஏற்பட்ட பாலைவன தேசியப் பூங்கா 3,162 சதுர கிலோமீட்டர். நம் வல்லநாட்டைப் போல் ஏறக்குறைய இருநூறு மடங்கு!

அந்த ராஜஸ்தானத்தில் பாலைவனத்தைத் தெய்வமாகக் கொண்டாடுகிற ஜனங்களும் இருக்கிறார்கள். 1730ல் ஜோத்பூருக்கு அருகே கேஜர்லி என்ற கிராமத்தில் மகாராஜாவின் ஆட்கள் மரம் வெட்ட வந்தார்கள். அம்ரிதா தேவி என்ற பிஷ்ணோய்ப் பெண் ஓடி வந்து மரத்தைக் கட்டிக்கொண்டாள். வெட்டு அவள் மேல் விழுந்தது. அவளைத் தொடர்ந்து அவளுடைய பெண்கள், பிறகு ஊரார் என்று 363 பேர் உயிரைக் கொடுத்தார்கள். அவர்கள் காப்பாற்றிய மரம் எது தெரியுமா? நம் கோயில்களில் விஜயதசமியன்று பூஜை செய்கிறோமே, அந்த வன்னி மரம்! வன்னியம்பட்டி என்று உச்சரிக்கும்போதே அந்தப் பெயர் நாவில் வருகிறதே! பிஷ்ணோய்கள் அதே பக்தியோடு காக்கும் விலங்கு, வல்லநாட்டில் நாம் பார்த்த வெளிமான்.

ஆகவே பிரயாணம் முடிந்து வரும்போது பிளாஸ்டிக் பை, காலி பாட்டில் எல்லாவற்றையும் காரிலேயே திருப்பிக் கொண்டுவாருங்கள். கருப்பட்டி ஒரு கிலோ, பனங்கிழங்கு இரண்டு கட்டு வாங்கி வாருங்கள். வந்த பிறகு குழந்தைகளை ஒரு வியாசம் எழுதச் சொல்லுங்கள். "அங்கே ஒன்றுமே இல்லை" என்று ஒரு வரி இல்லாமல் எழுதினால், பால்கோவாவில் மிச்சம் இருப்பதை அவர்களுக்கே கொடுத்துவிடலாம்!