சக்கரமும் இல்லை, சூளையும் இல்லை: செஜ்னான் பெண்களின் மண்கலை

துனிசியாவின் வடக்கே, பிசெர்த் மாகாணத்துக் குன்றுகளுக்கு நடுவே இருக்கிறது செஜ்னான். இந்த ஊரிலும் சுற்றுக் கிராமங்களிலும் பெண்கள் வனையும் மட்பாண்டக் கலையை 2018இல் யுனெஸ்கோ தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது.

மண்ணெடுப்பது முதல் வண்ணம் தீட்டுவது வரை எல்லாம் பெண்கள் கைவேலைதான். ஓடைப் படுகையில் வெட்டியெடுத்த களிமண் கட்டிகளை உடைத்து, இடித்து, கல்லும் வேரும் நீக்கி ஊறவைக்கிறார்கள். பழைய பானை ஓடுகளைப் பொடித்து அதில் கலப்பதும் உண்டு. சுடும்போது பாண்டம் வெடிக்காமல் இருக்க அது உதவும். பிறகு தரையில் உட்கார்ந்து கையாலேயே உருவம் பிடிக்கிறார்கள். சக்கரம் கிடையாது. காய்ந்ததைச் சூளையில் அடுக்காமல் திறந்தவெளியில் சாணத்தையும் விறகையும் மூட்டிச் சுடுகிறார்கள். முதல் போட்டுக் கருவி வாங்க வேண்டியதில்லை என்பதால்தான் வீட்டு முற்றத்திலேயே இந்தத் தொழில் நிலைத்தது எனலாம்.

பார்க்க வேண்டியது இந்தப் பாண்டங்களின் கறுப்பு நிறத்தை. சிவப்புக்குக் காவிமண் போதும். கறுப்போ, பிஸ்தா இனத்தைச் சேர்ந்த லெண்டிஸ்க் என்ற புதரின் இலையிலிருந்து வருகிறது. இடித்த இலைச்சாற்றால் கோடு போட்டு மறுபடி சூடு காட்டினால், சாறு கருகி மண்ணோடு ஒட்டிக்கொள்கிறது. முக்கோணம், சாய்சதுரம், குறுக்குக் கோடு என்று போகும் இந்த அலங்காரம் வட ஆப்பிரிக்கப் பூர்வகுடிகளான பெர்பெர் பெண்களின் பச்சைகுத்தலிலும் நெசவிலும் உள்ள அதே கோலம்தான்.

சமையல் பாத்திரங்கள் இன்றும் உருவாகின்றன. ஆனால் வெளியூர்க்காரர் விரும்பி வாங்குவது பெரும்பாலும் பெண் உருவப் பொம்மைகளையும் விலங்கு உருவங்களையும்தான். ஊர்ச் சாலையோரக் கடைகளிலும் கண்காட்சிகளிலும் இவை விலைபோகின்றன. ஆண்களில் சிலர் கைகொடுப்பது இந்த விற்பனைக் கட்டத்தில் மட்டுமே. 2015இல் துனிஸ் பார்தோ அருங்காட்சியகத்திலும் சூஸ் கடற்கரையிலும் நடந்த பயங்கரவாதத் தாக்குதல்களுக்குப் பின் நாட்டுக்கு வரும் வெளிநாட்டுப் பயணிகள் வெகுவாகக் குறைந்தார்கள். சாலையோர வியாபாரத்தை நம்பிய தொழிலுக்கு அது சிறிய அடியல்ல. தொலைவுக்கு அனுப்பி விற்கலாமே என்றால், குறைந்த சூட்டில் வெந்த இந்தப் பாண்டம் எளிதில் உடையக்கூடியது. ஒவ்வொன்றையும் பொதிந்து கட்டும் செலவே பண்டத்தின் விலையை எட்டிப் பிடித்துவிடும்.