நடையைக் கண்ட கண்கள்

போடிநாயக்கனூரிலிருந்து போடிமெட்டை நோக்கி ஏறுகையில், ஏலத்தோட்டத் தொழிலாளரின் பிள்ளைகள் புத்தகப் பையுடன் மலைச்சரிவில் விரைந்து நடப்பதை நாம் பலமுறை கண்டிருக்கிறோம். அந்த நடை நமக்கு ஓர் ஆசானை நினைவூட்டுகிறது. இம்மலைக்கு அப்பால் கேரளத்தில் வாழ்ந்து, 2021 ஆகஸ்டு 19-ஆம் நாள் மறைந்த ஓ. எம். நம்பியாரே அவர்.

விமானப்படையில் பணியாற்றிப் பின்னர் பயிற்சியாளரான நம்பியார், 1976-இல் ஒரு பரிசளிப்பு விழாவில் மெலிந்த சிறுமி ஒருத்தியின் விரைந்த நடையைக் கவனித்தார். மற்றவர் கண்ணுக்கு மெலிவு. அவர் கண்ணுக்கோ ஓட்டம்! அச்சிறுமிதான் பி. டி. உஷா.

கண்ணூரிலும் பய்யோலிக் கடற்கரை மணலிலும் ஆண்டுக்கணக்கில் பயிற்சி தொடர்ந்தது. 1984-இல் லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில், 400 மீட்டர் தடை ஓட்டத்தில், நொடியில் நூற்றில் ஒரு பங்கு வேறுபாட்டால் உஷா வெண்கலத்தை இழந்தார். எத்தகைய ஏமாற்றம்! ஆயினும் ஆசானும் மாணவியும் மீண்டும் களத்தில் இறங்கினர். மறு ஆண்டே ஜகார்த்தாவில் நடந்த ஆசியத் தடகளப் போட்டியில் உஷா 5 தங்கப் பதக்கங்கள் பெற்றார். அவ்வாண்டு முதன்முதலாக வழங்கப்பெற்ற துரோணாச்சாரியார் விருது நம்பியாருக்கும் கிடைத்தது. 2021-இல் பத்மஸ்ரீ விருதும் அவரைத் தேடி வந்தது.

பெற்றோரே, பரிசு பெறும் பிள்ளையை ஊரே பாராட்டும். நூலிழையில் தோற்று, தலைகுனிந்து வீடு திரும்பும் பிள்ளையிடம், "நாளைக் காலையும் நான் உன்னோடு வருவேன்" என்று சொல்ல ஒருவர் வேண்டும். அந்த ஒருவர் நம் இல்லத்தில் இருக்கின்றாரா?