கறுப்பு மிளகு, சிவப்பு மிளகு
பிரான்ஸ், 1914–1918

‘சவார்’ என்றால் குதிரைப்படைச் சிப்பாய். அன்றைய சில்லாதார் முறையில் பெரும்பாலான இந்தியப் படைப்பிரிவுகளில் குதிரைக்குச் சவாரே பணம் கட்டவேண்டும். பலருக்கு அது குடும்பத்தின் பணம். அதனால் குதிரைக்கு அடிபட்டால் ஊரிலும் வலித்தது.

முதல் உலகப்போரில் பிரிட்டனுக்காகப் போரிட 1914 இறுதியில் பிரான்சு வந்த சவார்களை வரவேற்றவை பதுங்குகுழியும் முள்கம்பியும்தான். பாய்ந்து தாக்கக் கற்றவர்கள் குதிரையை விட்டிறங்கி மண் வெட்டினார்கள், நிறையக் காத்திருந்தார்கள். 1916 ஜூலை 14 அன்று ஹை வுட் காட்டருகே தக்காணக் குதிரைப்படை ஈட்டியேந்திப் பாய்ந்த நாள் அபூர்வமானது.

மற்ற நாட்களை நமக்குச் சொல்பவை கடிதங்கள். எழுதத் தெரியாதவர் சொல்ல, தெரிந்தவர் எழுதினார். ஊரிலும் யாராவது உரக்கப் படித்துக் காட்டவேண்டும். கணவன் மனைவிக்குச் சொன்னது தெருவுக்கே கேட்டிருக்கும்! நிலம், கடன், வழக்கு, பிள்ளைகளின் கல்யாணம் என்று குடும்பத்தைத் தபாலிலேயே நடத்தினார்கள். தங்கியிருந்த வீட்டுப் பிரெஞ்சுக் கிழவியைத் தாய்போல என்று எழுதியவர்களும் உண்டு.

நடுவில் தணிக்கை அதிகாரி இருந்தார். அவருக்குப் புரியாதிருக்க, இந்தியப் படையைக் ‘கறுப்பு மிளகு’ என்றும் வெள்ளையரைச் ‘சிவப்பு மிளகு’ என்றும் சிலர் எழுதினார்கள். கறுப்பு தீர்ந்துவருகிறது என்றால் வீட்டார் புரிந்துகொள்ள வேண்டும். அதிகாரியும் புரிந்துகொண்டார். அவர் ஆங்கிலத்தில் பெயர்த்துவைத்த பகுதிகள் லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கின்றன.